ஒரே ஒரு சீரியல் போர்ட் இருக்குன்னு எம்பெடட் ஆசையை விடணுமா?

தம்பி, உங்க மெசேஜை முழுசா படிச்சேன். ப்ராஜெக்ட்டுக்கு இடம் சொல்ற ஜிபிஎஸ், மொபைல் நெட்வொர்க்ல பேசுற ஜிஎஸ்எம் ரெண்டு மாட்யூலும் வேணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீரியல் போர்ட் (டேட்டா பிட் பிட்டா போய் வர்ற வழி) தேவை, கையில இருக்குறது ஏடிமெகா328பிங்குற சின்ன மைக்ரோகன்ட்ரோலர், அதுல ஹார்டுவேர் சீரியல் போர்ட் ஒண்ணுதான், அதனால பெரிய போர்டுக்கு மாறிடவா இல்ல எம்பெடடையே (கருவிக்குள்ள இருக்குற சிப்புக்கு கோடு எழுதுற வேலை) விட்டுட்டு அப்பா சொல்ற சாஃப்ட்வேர் கோர்ஸ்ல சேர்ந்துடவான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் இப்போ வேண்டாம். வெளியில ஒரு சீரியல் சிப் சேர்த்து அதே சின்ன போர்டுல ஓட்டிப் பாருங்க. ஃப்ரெஷரா வேலை தேடுற ஒருத்தருக்கு இவ்வளவு சின்ன வேலையில இவ்வளவு கத்துக்குற வாய்ப்பு வேற கிடைக்கிறது கஷ்டம்.

முதல்ல ஒரு குழப்பத்தை தீர்த்துக்கோங்க, இன்டர்வியூல நிறைய பேர் இங்கதான் மாட்டுறாங்க. மேக்ஸ்232 போட்டா போர்ட் எண்ணிக்கை கூடாது. அது 5 வோல்ட் லாஜிக்கை ஆர்எஸ்-232ங்குற சீரியல் கேபிள் முறையோட வோல்டேஜுக்கு மாத்துற சிப், அவ்வளவுதான். மேக்ஸ்485-ம் அதே வகைதான், லைன் மட்டும் வேற. பைட்டை பிட் பிட்டா அனுப்பி, வர்ற பிட்டை சேர்த்து பைட்டா வைக்கிறது யூஆர்ட்ங்குற சர்க்யூட். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

அதுக்கு எஸ்சி16ஐஎஸ்752ங்குற சிப்பை எடுத்துக்கோங்க. ஐ2சி இல்லன்னா எஸ்பிஐ (ரெண்டும் சிப்புங்க தங்களுக்குள்ள பேசுற வயர் முறை) வழியா பேசும், உள்ள ரெண்டு யூஆர்ட், ஒவ்வொண்ணுக்கும் அனுப்ப 64 பைட், வாங்க 64 பைட் ஃபிஃபோ, அதாவது முதல்ல வந்த பைட் முதல்ல வெளிய போற தற்காலிக சேமிப்பு. இந்த ஃபிஃபோ ஏன் முக்கியம்னா, 9600 பாட்ல (செகண்டுக்கு 9600 பிட் வேகம்) ஒரு பைட் வர சுமார் 1 மில்லிசெகண்ட் ஆகும், ஏடிமெகாவோட சொந்த யூஆர்ட்ல வாங்குற பஃபர் ரெண்டே பைட், நீங்க இன்டரப்டை (டேட்டா வந்துருச்சுன்னு கூப்பிடுற சிக்னல்) ஆஃப் பண்ணிட்டு வேற ஏதோ வேலையில கொஞ்சம் இருந்துட்டா ஜிபிஎஸ் வரி நடுவுல அறுந்துடும். 64 பைட் இருந்தா 60 மில்லிசெகண்டுக்கு மேல மூச்சு விடலாம். சாதாரண பின்னையே கோடு வழியா சீரியல் போர்ட் மாதிரி ஆட்டுற சாஃப்ட்வேர் சீரியல் போதாதான்னு கேப்பீங்க. ஒரு சென்சார் எப்பவாவது பேசினா போதும், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல டேட்டா கொட்டினா தாங்காது. இந்த காரணத்தை நம்பரோட சொல்லத் தெரிஞ்சா இன்டர்வியூ எடுக்குறவர் நிமிர்ந்து உக்காருவார்.

சிப்பை சாலிடர் பண்ணதும் ஜிபிஎஸ்ஸை மாட்டாதீங்க. இது 3.3 வோல்ட் சிப், உங்க போர்டு 5 வோல்ட்ல ஓடுதுன்னா ஐ2சி லைன்ல லெவல் ஷிஃப்டர் (வோல்டேஜை மாத்தித் தர்ற சர்க்யூட்) போட்டுக்கோங்க. அப்புறம் ஸ்கிராட்ச்பேட் ரிஜிஸ்டர்ல (எதையும் எழுதிப் பாக்க சிப்புக்குள்ள இருக்குற சும்மா இடம்) ஹெக்ஸ் 55 எழுதி திரும்ப படிங்க, அதே வந்தா வயரிங்கும் அட்ரஸும் சரி. அடுத்து பாட் ரேட். சிப்புக்கு கடிகாரத் துடிப்பு தர்ற 14.7456 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 16-ஆல வகுத்து, டிவைசர் (மறுபடி வகுக்குற எண்) 96 போட்டா மிச்சமே இல்லாம 9600 வரும், அந்த விசித்திரமான நம்பர்ல கிரிஸ்டல் விக்கிறதுக்கே காரணம் இதுதான். டிவைசர் எழுத எல்சிஆர்ங்குற லைன் கன்ட்ரோல் ரிஜிஸ்டர்ல 7-ஆவது பிட்டை 1 ஆக்கணும், எழுதி முடிச்சதும் திரும்ப 0 ஆக்கணும், ஏன்னா டிவைசரும் டேட்டா ரிஜிஸ்டரும் ஒரே அட்ரஸ். மறந்தா நீங்க அனுப்புற எழுத்தெல்லாம் டிவைசருக்குள்ள போய் விழும், லைன்ல ஒண்ணும் வராது, ஒரு நாள் முழுக்க வயரை மாத்தி மாத்திப் பாப்பீங்க. இன்டரப்ட் பின்னுக்கு புல்-அப் ரெசிஸ்டரும் (லைனை மேல இழுத்து வைக்கிறது) வேணும், ஏன்னா அந்த பின் ஓபன் டிரெயின், லைனை கீழ மட்டும்தான் இழுக்கும்.

ரெசியூமேல 'ஜிபிஎஸ் டிராக்கர் செஞ்சேன்'னு மட்டும் போடாதீங்க. அதை எல்லாரும் போடுறாங்க. எந்த சிப், எந்த பஸ், ஏன் அதை எடுத்தீங்க, எந்த பாட் ரேட்ல எவ்வளவு நேரம் பைட் விடாம ஓடுச்சு, இதை ரெண்டு வரியில எழுதுங்க. லாஜிக் அனலைசர்ல (வயர்ல போற பிட்டை படமா காட்டுற கருவி) எடுத்த படம் ஒண்ணு கையில வெச்சுக்கோங்க, கேட்டா காட்டலாம்.

அப்பாவோட பயம் நியாயமானது, அதை தட்டிக் கழிக்காதீங்க. அவர்கிட்ட இதை மட்டும் சொல்லுங்க: இதே சிப் குடும்பத்துக்கு லினக்ஸ் கர்னல்ல டிரைவர் இருக்கு, சி மொழியில எழுதினது, யார் வேணா திறந்து படிக்கலாம். உங்க கோடு ஓடின அப்புறம் அந்த டிரைவரை படிங்க, அதே எல்சிஆர், அதே டிவைசர் அங்க வரும், ஆனா லாக், த்ரெட், எரர் கையாள்றதுன்னு நீங்க தொடாதது நிறைய இருக்கும். அதுவும் சாஃப்ட்வேர்தான். இந்த செமஸ்டர் முடியிற வரைக்கும் டைம் கேளுங்க, கோர்ஸ் ஃபீஸ் இப்போ கட்ட வேண்டாம்.