அஸ்திவாரம் பெருசு, வீடு சின்னது: ஆர்தர்டேல் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியா மாநிலத்துல இருக்கிற ஆர்தர்டேல்ங்கிற கிராமத்தைப் பத்தி ஒரு சின்ன பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். 1930கள்ல வேலை போன சுரங்கத் தொழிலாளிங்களுக்காக அரசாங்கமே பிளான் போட்டு, வீடு, தோட்டம், ஸ்கூல், பட்டறைன்னு மொத்தமா கட்டிக் கொடுத்த ஊரு, அதை இப்ப ஊர்க்காரங்களே பாதுகாக்கிறாங்கன்னு நாலு வரிதான். அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேர்த்துட்டேன்.

கே: மேடம், தொண்ணூறு வருஷ பழைய வீட்டையெல்லாம் பாரம்பரியம்னு சொன்னா எப்படி? எங்க தாத்தா வீடே அதை விடப் பழசு. அப்படி என்ன இருக்கு அங்க? (வாசகர், சேலம்)

ப: வயசை வச்சுப் பார்த்தா ஒண்ணுமே இல்ல சார், ஒத்துக்கிறேன். அந்த வீடு ஏன் வந்துச்சுங்கிறதுலதான் விஷயம் இருக்கு. அதே மாநிலத்துல மார்கன்டவுன் நகரம் பக்கத்துல ஸ்காட்ஸ் ரன்னு ஒரு நிலக்கரிப் பள்ளத்தாக்கு, முதல் உலகப் போர் சமயத்துல நிலக்கரிக்கு ஏகப்பட்ட கிராக்கி, எங்கெங்கிருந்தோ ஜனங்க வந்து குவிஞ்சாங்க, அப்புறம் விலை விழுந்து சுரங்கம் ஒண்ணு ஒண்ணா மூட, கம்பெனி குடியிருப்புலயே பட்டினியா மாட்டிக்கிட்டாங்க. குவேக்கர்னு சொல்ற கிறிஸ்தவ அமைப்புக்காரங்க அங்க குழந்தைங்களுக்கு சோறு போட்டுட்டு இருந்தாங்க. 1933 ஆகஸ்ட்ல ஜனாதிபதி மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் நேர்ல போய் பார்த்துட்டு வந்து, இவங்களுக்கு நிலத்தோட வீடு கொடுத்தே ஆகணும்னு பிடிவாதம் பிடிச்சாங்க. அந்த வருஷம் போட்ட தொழில் மீட்புச் சட்டத்துல இந்த மாதிரி குடியிருப்புக்குன்னே 2.5 கோடி டாலர் ஒதுக்கியிருந்தாங்க, அதுல முதல் ஊரு இதுதான். ஆர்தர்ங்கிறவரோட பண்ணையை வாங்கி 165 வீடு கட்டினாங்க, ஒவ்வொரு குடும்பத்துக்கும் சில ஏக்கர், கோழிக்கூடு, பன்றித் தொழுவம், குளிர்காலத்துக்கு உருளைக்கிழங்கு வைக்க ஒரு நிலவறை. குழாயில தண்ணி, கரண்ட், வீட்டுக்குள்ளயே பாத்ரூம். 1934ல மேற்கு வர்ஜீனியா மலைக்காட்டுல ஒரு சுரங்கத் தொழிலாளி குடும்பத்துக்கு வீட்டுக்குள்ள பாத்ரூம்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. இதே மாதிரி அமெரிக்கா முழுக்க இன்னும் பல ஊர் கட்டினாங்க, ஆனா எல்லாரும் முதல்ல வேடிக்கை பார்த்தது, திட்டினது எல்லாம் இந்த ஊரைத்தான்.

கே: அந்தத் திட்டம் தோத்துப் போச்சுன்னு படிச்சேன். தோத்ததை எதுக்கு அக்கா காசு செலவு பண்ணிக் காப்பாத்தணும்? (வாசகர், சிங்கப்பூர்)

ப: தோத்தது உண்மைதான் தம்பி, அதுவும் ஆரம்பத்துலயே. கதையைக் கேளுங்க. குளிர் வர்றதுக்குள்ள ஜனங்களைக் குடி வச்சிடணும்னு ஜனாதிபதியோட செயலாளர் லூயிஸ் ஹோவ், பாஸ்டன் பக்கம் ஹாட்ஜ்சன் கம்பெனியில ஐம்பது ரெடிமேட் வீட்டுக்கு ஆர்டர் போட்டுட்டாரு. அது கடற்கரையில கோடைக்குத் தங்குறவங்களுக்காகச் செஞ்ச மரவீடு, மேற்கு வர்ஜீனியா பனிக்கு அது தாங்குமான்னு யாரும் யோசிக்கல. இங்க அதுக்குள்ள அஸ்திவாரத்தை கட்டி முடிச்சுட்டாங்க. வீடு வந்து இறங்கினா அஸ்திவாரம் பெருசு, வீடு சின்னது! பத்திரிகைக்காரங்களுக்குக் கொண்டாட்டம். அப்புறம் நியூயார்க்ல இருந்து எரிக் குக்லர்னு ஒரு ஆர்க்கிடெக்டைக் கூட்டிட்டு வந்து, வீட்டை நீட்டி, பக்கத்துல ஒட்டுப்போட்டு, குளிருக்குத் தாங்குற மாதிரி மாத்தி அஸ்திவாரத்தோட சேர்த்தாங்க. செலவு ஏறிக்கிட்டே போச்சு, உள்துறை மந்திரி ஹரால்ட் இக்கிஸ் தலையில அடிச்சுக்கிட்டாரு. அடுத்து கட்டின 75 வீடு வாக்னர்னு ஒரு ஆர்க்கிடெக்ட் போட்ட பிளான், கடைசி 40 கல்லு வீடு. ரோட்டுல நடந்து போனாலே எது எந்த ரகம்னு சுலபமா கண்டுபிடிச்சிடலாம்.

வீடாவது பரவால்ல, வேலைதான் சரியா அமையவே இல்ல. தபால் ஆபீசுக்குத் தேவையான சாமான் செய்யுற ஃபேக்டரி வைக்கலாம்னு பிளான், ஆனா அதே சாமான் செய்யுற தனியார் கம்பெனி வேற மாநிலத்துல இருந்துச்சு, அந்தத் தொகுதி எம்.பி. எதிர்த்து நிக்க, நாடாளுமன்றம் 1934ல அந்தப் பணத்தைக் கொடுக்கல. அப்புறம் சட்டை, வாக்யூம் கிளீனர், டிராக்டர்னு ஒவ்வொண்ணா வந்தது, எதுவும் நிலைக்கல. எல்ஸி கிளாப்னு ஒரு அம்மா நடத்தின ஸ்கூல், பிள்ளைங்க பாடத்தை ஊரைச் சுத்திப் பார்த்து கத்துக்கிட்ட ஸ்கூல், அதுக்கும் 1936ல தனியார் உதவி நின்னு போயி சாதாரண கவுண்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஸ்கூல் ஆயிடுச்சு. 1938ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே அங்க பட்டமளிப்பு விழாவுக்கு வந்து பேசினாரு, ஆனா பேச்சு வேலை கொடுக்குமா? 1940கள்ல அரசாங்கம் எல்லாத்தையும் நஷ்டத்துக்கு வித்துட்டு கழண்டுகிச்சு.

ஆனா பாருங்க, குடி வந்தவங்க போகல! ரெண்டாம் உலக யுத்தம் வந்ததும் வெளிய வேலை கிடைச்சுது, வீட்டை வாங்கிக்கிட்டு அங்கயே உக்காந்துட்டாங்க, பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க இன்னிக்கும் அதே வீட்டுல இருக்கிற குடும்பம் உண்டு. திட்டம் தோத்துச்சு, ஊர் தோக்கல. கணக்கு புத்தகத்தை மட்டும் பார்த்தா இது தெரியாது, அதான் ஊரையே பார்க்கிற மாதிரி விட்டு வைக்கணும்ங்கிறேன். ஜெயிச்ச திட்டத்துக்கெல்லாம் கல்வெட்டு வைக்க ஆளு நிறைய இருக்காங்க.

கே: கறுப்பினத்தவங்களுக்கு அங்க வீடு தரலன்னு கேள்விப்பட்டேன். அப்படிப்பட்ட ஊரைக் கொண்டாடுறது சரியா? (வாசகி, அட்லாண்டா)

ப: கொண்டாடுறது வேற, பாதுகாக்கிறது வேற, ரெண்டையும் கலக்காதீங்கம்மா. ஆமா, தரல. ஸ்காட்ஸ் ரன்ல கறுப்பினத்தவங்களும் இருந்தாங்க, கிழக்கு ஐரோப்பாவுல இருந்தும் இத்தாலியில இருந்தும் வந்தவங்களும் இருந்தாங்க, எல்லாரும் ஒரே சுரங்கத்துல ஒரே தூசியைத் தின்னவங்க. வீடு கொடுக்கிற நேரம் வந்ததும் இங்கயே பிறந்த வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு ஆயிடுச்சு. எலினோர் மத்தவங்களையும் சேர்க்கணும்னுதான் சொன்னாங்க, முதல்ல குடி வந்தவங்களோட சங்கமே வேண்டாம்னு முடிவு எடுத்துடுச்சு. இது எனக்கு ரொம்ப உறுத்துற இடம், ஏன்னா பட்டினி கிடந்தவனே பக்கத்துல பட்டினி கிடந்தவனைத் தள்ளிவிட்ட கதை இது.

இதை மியூசியத்துல எங்கயோ ஒரு மூலையில சின்ன எழுத்துல போட்டா போதாதுன்னு நினைக்கிறேன். வாசல்லயே சொல்லணும். எலினோர் வந்தாங்க, டான்ஸ் ஆடினாங்க, குழந்தையைத் தூக்கினாங்கன்னு போட்டோவா மாட்டினா அது ஒரு பெரிய வீட்டு அம்மாவோட தர்ம கதையா போயிடும், ஊர்க்காரங்க கதையே இருக்காது, வெளிய நிறுத்தப்பட்டவங்க கதையும் இருக்காது. யாருக்கு இல்லன்னு சொன்னாங்களோ அந்த ஸ்காட்ஸ் ரன்னையும் சேர்த்துப் பார்த்தாத்தான் ஆர்தர்டேல் முழுசாப் புரியும். வாக்கர் எவன்ஸ்ங்கிற போட்டோகிராஃபர் 1935ல ஸ்காட்ஸ் ரன்ல எடுத்த போட்டோவெல்லாம் இருக்கு, தேடிப் பாருங்க.

இன்னொண்ணு, நீங்க வர்ஜீனியா பக்கம் போனா ஹாம்ப்டன்ல அபர்டீன் கார்டன்ஸ் போங்க. அதே காலத்துத் திட்டம், ஆனா கறுப்பினத்தவங்களுக்காக, கறுப்பினத்தவங்களே கட்டினது, ஹில்யார்ட் ராபின்சன்னு ஒரு கறுப்பின ஆர்க்கிடெக்ட் போட்ட பிளான், 158 செங்கல் வீடு. தெருவுக்கெல்லாம் அந்த சமூகத்துப் பெரியவங்க பேரு. அங்கயும் ஒரு வீட்டை மியூசியமா வச்சிருக்காங்க. ரெண்டையும் பார்த்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்ல.

கே: என் கணவருக்கு மார்கன்டவுன்ல வேலை. ஆர்தர்டேல்ல ஒரு கல்லு வீடு விலைக்கு வருது, வாங்கலாமான்னு யோசிக்கிறோம். பாரம்பரியப் பட்டியல்ல இருக்கிற ஊர்னு சொல்றாங்க, அப்ப ஜன்னல் கூட மாத்தக்கூடாதா? பயமா இருக்கு அக்கா. (வாசகி, பிட்ஸ்பர்க்)

ப: பயப்படாதீங்கம்மா, இதுல நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. 1989ல இந்த ஊரைத் தேசிய வரலாற்று இடங்களோட பதிவேட்டுல சேர்த்தாங்க. அந்தப் பதிவேடு ஒரு கௌரவம், பூட்டு கிடையாது. மத்திய அரசு பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட ரோடு, டவர் மாதிரி வேலை வந்தா, இந்த இடத்துக்குப் பாதிப்பு வருமான்னு முதல்ல பார்த்தே ஆகணும், அது வரைக்கும்தான் அதோட பலம். உங்க சொந்தக் காசுல உங்க ஜன்னலை மாத்தினா அந்தப் பதிவேடு உங்களைத் தடுக்காது. தடுக்கணும்னா உள்ளூர் சட்டமோ, பத்திரத்துல எழுதின கட்டுப்பாடோ இருக்கணும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட பத்திரத்தை நல்லா படிக்கச் சொல்லுங்க, கவுண்ட்டி ஆபீஸ்ல ஒரு தடவை கேட்டுருங்க.

தடை இல்லங்கிறதுக்காக எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுறாதீங்க. பழைய மர ஜன்னல் பெரும்பாலும் செத்துப் போகாது, கண்ணாடியைச் சுத்தி ஒட்டியிருக்கிற பட்டி (putty) உதிர்ந்திருக்கும், ஜன்னலைத் தூக்கி இறக்குற கயிறு அறுந்திருக்கும், அதைச் சரி பண்ணி வெளியே ஸ்டார்ம் விண்டோன்னு இன்னொரு ஜன்னல் போட்டா குளிரு பெருமளவு நின்னுரும். கல்லு சுவத்துல இடுக்கு விட்டிருந்தா மேஸ்திரி கையில கிடைச்ச சிமெண்ட்டை அப்பிட்டுப் போயிடுவாரு, விடாதீங்க. பழைய கலவை என்னன்னு பார்த்து அதை விடக் கெட்டியான கலவை வைக்காம பூசச் சொல்லுங்க, இல்லன்னா ஈரம் வெளியேற வழி இல்லாம கல்லே உடையும். மர வீட்டு மேல பிளாஸ்டிக் பலகை அடிச்சு மூடுறதும் அப்படித்தான், உள்ள அழுகுறது வெளியே தெரியாது. முக்கியமா, 1978க்கு முன்னாடி அடிச்ச பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், சின்னக் குழந்தை இருந்தா சோதிக்காம சுரண்டாதீங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். எதைக் கழட்டினாலும் அதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கழட்டின கதவு, கொண்டி, அலமாரி இதெல்லாம் மாடியிலயோ நிலவறையிலயோ ஒரு மூலையில போட்டு வைங்க. குப்பைக்குப் போனது திரும்பி வராது. பின் பக்கம் ரூம் கட்டணும்னா கட்டிக்கோங்க, அங்க இருக்கிற பாதி குடும்பம் கட்டியிருக்கும், ஹாட்ஜ்சன் வீட்டுக்கு முதல் நாள்லயே அரசாங்கமே ஒட்டுப்போட்டதுதானே! முன் பக்கத்தோட அளவையும் கூரைச் சாய்வையும் மட்டும் கை வைக்காம விட்டுருங்க.

வரிச்சலுகை பத்தியும் கேட்டிருந்தீங்க. மத்திய அரசோட 20 சதவீத வரிச்சலுகை வாடகை, கடைன்னு வருமானம் வர்ற கட்டடத்துக்குத்தான், நாமளே குடியிருக்கிற வீட்டுக்கு இல்ல. மாநில அளவுல என்ன கிடைக்கும்னு மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துல கேளுங்க, ஆனா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க, முடிச்சுட்டுக் கேட்டா யாரும் கொடுக்க மாட்டாங்க.

கே: இதையெல்லாம் யார் பார்த்துக்கிறாங்க, அரசாங்கமா? (வாசகர், மதுரை)

ப: இல்ல சார். 1984ல ஊருக்கு ஐம்பது வருஷம் ஆச்சுன்னு கொண்டாடினாங்க, கூடின ஜனங்களே அடுத்த வருஷம் ஆர்தர்டேல் ஹெரிட்டேஜ்னு ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு ஆரம்பிச்சு, பொதுக் கட்டடங்களைத் தங்க பொறுப்புல எடுத்து ஒவ்வொண்ணா சீர் பண்ணாங்க. சென்டர் ஹால்னு ஒரு கூடம், பக்கத்து ஊர் ரீட்ஸ்வில்லுல இருந்த பழைய சர்ச்சைப் பேத்துக் கொண்டு வந்து அதைச் சுத்திக் கட்டினது. கொல்லுப் பட்டறை, நிர்வாக ஆபீஸ், பெட்ரோல் பங்க், ஒரு வாக்னர் வீடு எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. வீடுங்க மத்தபடி தனியார் சொத்து.

எனக்குப் பிடிச்சது அங்க செஞ்ச நாற்காலி. கைவினைக் கூட்டுறவு சங்கம் ஒண்ணு மர சாமான் செஞ்சு வித்துச்சு, அதுல காட்லவ் நாற்காலின்னு ஒரு ரகம், ஆணியும் கிடையாது பசையும் கிடையாது. ஈரம் காயாத மரத்துல காலு, நல்லாக் காஞ்ச கட்டையில குறுக்குச் சட்டம், ரெண்டையும் சொருகிட்டா காலு காயக் காயச் சுருங்கி சட்டத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும். இந்த மாதிரி கைத்தொழிலைச் செஞ்சு காட்டத் தெரிஞ்ச ஆள் இருக்கணும், கண்ணாடிப் பெட்டிக்குள்ள நாற்காலி மட்டும் இருந்தா பிரயோஜனம் இல்ல.

கே: முதல்ல குடி வந்தவங்க யாரும் இப்ப இருக்க மாட்டாங்களே, அவங்க பிள்ளைங்களும் போயிட்டா என்ன மிஞ்சும்? (வாசகி, டொராண்டோ)

ப: பேச்சைப் பதிவு பண்ணினது மிஞ்சும், பண்ணாதது போயிடும். கட்டடம் காத்திருக்கும்மா, மனுஷங்க காத்திருக்க மாட்டாங்க, அதனால கூரைக்குக் காசு தேடுறதுக்கு முன்னாடி ரெக்கார்டரைக் கையில எடுங்கன்னுதான் நான் சொல்வேன். அதுவும் 'எலினோர் அம்மாவைப் பார்த்தீங்களா'ன்னு மட்டும் கேட்டா எல்லாரும் அதே பதிலைத்தான் சொல்வாங்க. ஃபேக்டரி மூடின அன்னிக்கு வீட்டுல என்ன சமைச்சாங்க, நிலவறையில எத்தனை ஜாடி இருந்துச்சு, யாரெல்லாம் வீடு கிடைக்காம திரும்பிப் போனாங்கன்னு கேக்கணும். பரண் மேல இருக்கிற தவணை ரசீது, ஸ்கூல் நோட்டு இதையெல்லாம் ஸ்கேன் பண்ணிட்டு அசலைக் குடும்பத்துக்கிட்டயே கொடுத்துட்டா, யாரும் தர மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

கே: போய் பார்க்க எப்ப நல்லது? (வாசகர், வாஷிங்டன்)

ப: ஜூலையில நியூ டீல் திருவிழான்னு (ரூஸ்வெல்ட் காலத்து மீட்புத் திட்டங்களுக்கு நியூ டீல்னு பேரு) நடத்துவாங்க, பட்டறையில இரும்பு அடிக்கிறதெல்லாம் பார்க்கலாம். மத்த மாசம்னா மியூசியம் திறந்திருக்கான்னு போன் பண்ணிட்டுக் கிளம்புங்க, சின்ன ஊரு, வாலண்டியருங்கதான் நிறைய. ரோட்டுல நின்னு வீடுகளைப் பார்க்கலாம், ஆனா ஒவ்வொண்ணுலயும் ஆளு குடியிருக்காங்க, கேக்காம காம்பவுண்டுக்குள்ள போயி போட்டோ எடுக்காதீங்க.