தொங்கும் தோலுக்கு அறுவை சிகிச்சை: காப்பீடு கிடைக்குமா?

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன், வயது 43. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 118 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு வந்துவிட்டேன். சர்க்கரை மாத்திரையும் நின்றுவிட்டது. ஆனால் அடிவயிற்றுத் தோல் தொடை வரை மடிந்து தொங்குகிறது. மழைக்காலத்தில் மடிப்புக்குள் புண்ணாகி, நீர் கசிந்து வாடை வருகிறது. மேல்கைகளிலும் தோல் தொங்குகிறது. அதை அகற்றக் காப்பீடு கிடைக்குமா என்று கேட்டால், "அதெல்லாம் அழகுக்குச் செய்வது, ஒரு ரூபாய்கூட வராது" என்கிறார் ஏஜென்ட். வீட்டிலும் "இந்த வயதில் இது எதற்கு?" என்கிறார்கள். ஆறு ஆண்டுகளாகக் குடும்ப பாலிசிக்குப் பிரீமியம் கட்டி வருகிறேன். நான் கேட்பது பேராசையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இது பேராசை இல்லை. ஆண்டுக்கணக்கில் விரிந்து மீள்தன்மையை இழந்துவிட்ட தோல், நடைப்பயிற்சியாலோ எண்ணெய்த் தேய்ப்பாலோ மீண்டும் சுருங்குவதில்லை. 52 கிலோ குறைந்த உடம்பில் அது மிஞ்சி நிற்பது உங்கள் குறையும் அல்ல. புண்ணோடு அலுவலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் அதற்கு மருத்துவம் கேட்பதை அழகு ஆசை என்று சொல்வது அநியாயம். வீட்டாரை ஒருமுறை மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் வாயால் கேட்டால் பேச்சு மாறும்.

ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. எந்தெந்தச் செலவுகளை மருத்துவக் காப்பீடு ஏற்காது என்பதற்கான பொதுவான வாசகங்களைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் வகுத்துக் கொடுத்தது. அதில் 8 என்ற எண்ணுள்ள விலக்கு, அழகுக்கான அறுவை சிகிச்சையையும் பிளாஸ்டிக் சர்ஜரியையும் விலக்குகிறது. அதே வாசகத்திலேயே, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கும், நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்கத் தேவைப்படும் சிகிச்சைக்கும் விதிவிலக்கு உண்டு. அந்தத் தேவையைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். உங்கள் பாலிசிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி, உங்கள் கண்ணாலேயே ஒருமுறை படித்துவிடுங்கள். நீங்கள் நுழையக்கூடிய வாசல் அந்த விதிவிலக்கு ஒன்றுதான். அது குறுகியது, நிச்சயம் கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் உங்களை நேரில் பார்க்கப் போவதில்லை. அவர் பார்ப்பது காகிதங்களை மட்டுமே. அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் நாளுக்குப் பல மாதங்கள் முன்பே, மருத்துவரின் சீட்டுகளில் உங்கள் புண்ணின் கதை எழுதப்பட்டிருக்க வேண்டும். நம் பெண்கள் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? மருந்துக்கடையில் ஒரு களிம்பு டியூப் வாங்கித் தடவிக்கொண்டு சமாளிக்கிறோம். அதில் பதிவு எதுவும் மிஞ்சுவதில்லை. அதைவிடக் கெடுதல், கடைகளில் தாமாக எடுத்துக் கொடுக்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருப்பது. பூஞ்சைத் தொற்றின் மேல் அதைத் தடவினால் முதலில் அரிப்பு அடங்கியதுபோல் தோன்றி, பிறகு படை இன்னும் பரவும். இனி ஒவ்வொரு முறை புண்ணாகும்போதும் தோல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவிலோ காட்டி, புண் எங்கே, எவ்வளவு, என்ன மருந்து, ஆறியதா, திரும்ப வந்ததா என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் ஆனி, ஆடியோடு மழை முடிந்துவிடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது, துவைத்த உள்ளாடைகூடச் சரியாகக் காய்வதில்லை. ஈரம் நிற்கும் மாதங்களில் புண் திரும்பத் திரும்ப வருவதைச் சீட்டுகள் காட்டினால், அதுவே உங்கள் வலுவான சாட்சி. தேதியுடன் புகைப்படங்களும் வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும், பெண் மருத்துவர் அல்லது செவிலியர் ஒருவரிடம் எடுத்துத் தரக் கேளுங்கள்.

இந்த அறுவை சிகிச்சை அதிகம் நடக்கும் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகக் கேட்பவை மூன்று: தோல் மடிப்பு இடுப்பின் முன் எலும்புக்குக் கீழே தொங்க வேண்டும், மூன்று மாதமாவது முறையாக மருந்திட்டும் புண் ஆறாமலோ திரும்ப வந்துகொண்டோ இருக்க வேண்டும், எடை ஆறு மாதமாவது ஏறி இறங்காமல் நின்றிருக்க வேண்டும். இங்கே அவை விதியல்ல. ஆனாலும் உங்கள் கோப்பு அந்த மூன்றையும் காட்டினால், அதைப் படிக்கும் மருத்துவருக்கு மறுப்பது கடினம். ஆகவே மாதம் ஒருமுறை மருத்துவமனை எடைமேடையில் நின்று, குறிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, வயிற்றையும் கைகளையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள். புண் வருவது அடிவயிற்று மடிப்பில். தொங்கும் அந்தத் தோலையும் கொழுப்பையும் மட்டும் வெட்டி எடுக்கும் பானிகுலெக்டமி என்ற சிகிச்சைக்குத்தான் மருத்துவக் காரணம் இருக்கிறது. வயிற்றுத் தசையை இறுக்கி, தொப்புளை இடம் மாற்றி அமைக்கும் அப்டாமினோபிளாஸ்டியை அழகு சிகிச்சை என்றே நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. மேல்கைத் தோலில் தொற்று இல்லை என்றால் அதற்கான செலவு உங்களுடையதுதான். அதையும் சேர்த்துக் கேட்டால், நியாயமான கோரிக்கையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பிளாஸ்டிக் சர்ஜன் தரும் கடிதத்தில் சிகிச்சையின் பெயர், புண்ணின் வரலாறு, மருந்துகள் பலிக்காதது, செய்யாவிட்டால் நேரக்கூடிய ஆபத்து ஆகியவை தெளிவாக இருக்கட்டும். முதல் அறுவை சிகிச்சைக்கு இதே நிறுவனம் பணம் தந்திருந்தால் அந்த ஆவணத்தையும் இணையுங்கள். அது அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் பருமனை நோய் என்று அவர்களே ஏற்றதற்குச் சான்று அது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "குடலிறக்கம் என்று எழுதிக்கொள்ளலாம், பணம் வந்துவிடும்" என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். ஸ்கேனில் உண்மையாகவே குடலிறக்கம் இருந்தால் அது தனிக் காரணம், தாராளமாகக் கேட்கலாம். இல்லாததை எழுதினால் அது மோசடி. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஓடிய பாலிசியில் பழைய விவரங்களைக் கிளறி மறுக்க முடியாது என்ற பாதுகாப்பு இப்போது உங்களுக்கு உண்டு, மோசடி என்று நிரூபணமானால் அதுவும் போய்விடும். குடும்பம் முழுவதற்குமான பாலிசியை இதற்காக இழக்கக் கூடாது.

கோப்பு தயாரானதும், சேருவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசை வழியாகக் கேஷ்லெஸ் (நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) முன் அனுமதி கேளுங்கள். திட்டமிட்ட சிகிச்சைக்குப் பொதுவாகக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். இது போன்ற விஷயத்தில் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே கேட்பது நல்லது. மறுத்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவர்) முறையிடலாம். கட்டணமும் வழக்கறிஞரும் தேவையில்லை. இணையத்தில் மனு கொடுக்கலாம், விசாரணைக்குக் காணொளியிலும் வரலாம் என்பதால் மலையிறங்கி அலைய வேண்டாம். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உதகையில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

எல்லாம் கைவிட்டாலும் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை உண்டு; இப்போதே அங்கே ஒருமுறை காட்டி, அந்தச் சீட்டையும் கோப்பில் வையுங்கள்.

பணம் யார் கொடுத்தாலும் இது பெரிய அறுவை சிகிச்சை. காயம் பிரிவது, உள்ளே நீர் கோப்பது, காலில் இரத்தம் உறைவது ஆகிய ஆபத்துகள் உண்டு. பருமன் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புரதமும் இரும்புச்சத்தும் குறைவது சாதாரணம் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்து அவற்றைச் சரிசெய்த பிறகே தேதி குறியுங்கள். அறுவைக்குப் பின் நீரை வடிக்க வயிற்றில் வைக்கும் வடிகுழாயோடு கோத்தகிரி மலைப்பாதையின் வளைவுகளில் பேருந்தில் ஏறி வருவது வேண்டாம். குழாய் எடுத்து முதல் பரிசோதனை முடியும் வரை கோயம்புத்தூரில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குங்கள். அந்தத் தங்கும் செலவைப் பாலிசி தராது. அதை மட்டும் இப்போதிருந்தே தனியாக எடுத்து வையுங்கள்.