வாசகர் கேள்வி: மீட்புச் சொற்கள் தமிழிலா, ஆங்கிலத்திலா?

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து பிட்கொயின் பணப்பைச் செயலி ஒன்றை எழுதுகிறோம். தோட்டத்தில் இருக்கும் எங்கள் அம்மாமாரும் பாவிக்க வேண்டும். கைபேசி தொலைந்தால் காசைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்களைத் தமிழிலேயே கொடுக்கலாமா?
– வாசகர், அட்டன்

பதில்: ஆசை நியாயமானது, ஆனால் வேண்டாம். மீட்புச் சொற்களுக்குப் பல பணப்பைகள் பின்பற்றும் பொதுத் தரமான பிஐபி-39இன் சொற்பட்டியலில் 2,048 சொற்கள். 12 சொற்களுக்குள், காசைத் திறக்கும் 128 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) இரகசியமும் சொற்களில் பிழை உண்டா என்று பார்க்கும் 4 பிட் சரிபார்ப்பும் அடங்கும். அந்தத் தரத்தில் தமிழ்ப் பட்டியல் இல்லை. நீங்களாக ஒன்று செய்தால், உங்கள் செயலி நின்றுபோகும் நாளில் வேறு பெரும்பாலான பணப்பைகளில் அம்மாவின் காசை மீட்க முடியாது. சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், விளக்கம் முழுவதையும் தமிழில் எழுதுங்கள். அப்பட்டியலில் ஒரு சொல்லை அடையாளம் காண முதல் 4 எழுத்துகளே போதும். அவற்றைத் தட்டியதும் மீதியை நிரப்பிக் கொடுங்கள். மூன்றெழுத்துச் சொற்களும் உண்டு, மறந்துவிடாதீர்கள்.

தொகையைத் தசமமாகச் சேமிக்காதீர்கள். 0.1 உடன் 0.2 கூட்டினால் பல கணினி மொழிகளில் 0.30000000000000004 வரும். 1 பிட்கொயின் என்பது 10 கோடி சடோஷி என்ற சிறு அலகுகள். தொகையைச் சடோஷியில் முழு எண்ணாகவே வையுங்கள்.

மலையகத்தில் பெரிய தொல்லை சிக்னல்தான். ‘அனுப்பு’ அழுத்தியதும் திரை சுற்றிக்கொண்டே நிற்கும், ஆட்கள் மறுபடி அழுத்துவார்கள். அப்போது புதிய பரிமாற்றம் உருவானால் காசு இரண்டு தரம் போய்விடும். முதலில் இரகசியச் சாவியால் கையொப்பமிட்ட பரிமாற்றத்தைச் சேமித்து, அதையே திரும்ப அனுப்புங்கள். ஒரே பரிமாற்றத்தை வலையமைப்பு இரண்டு தரம் ஏற்காது. பொத்தானைப் பூட்டிவிட்டு, ‘சிக்னலுக்குக் காத்திருக்கிறது’ என்று பெரிய எழுத்தில் காட்டுங்கள்.