விற்பனைக்கு இல்லை என்றாலும் விலை கேட்பவர்கள்: கேள்வி பதில்

என்னிடம் இருப்பது 1970 மாடல் செவ்ரோலே செவெல் எஸ்எஸ் 396 கார் (எஸ்எஸ் என்றால் சூப்பர் ஸ்போர்ட், செவெலின் வேகமான ரகம்; 396 அதன் எஞ்சினின் பெயர்). நீல நிறம், வெள்ளைப் பட்டை, நான்கு கியர் மேனுவல். மிச்சிகனில் 16 வருடமாக ஓட்டுகிறேன். விற்பனை போர்டு ஒருநாள்கூட வைத்ததில்லை. ஆனாலும் வெளியே எடுத்துவிட்டு, யாரும் விலை கேட்காமல் வீடு திரும்பிய நாட்கள் ரொம்பக் குறைவு. பழைய மஸில் கார் (பெரிய எஞ்சின் வைத்த அந்தக் கால அமெரிக்க வண்டி) வைத்திருக்கும் நம்மவர்கள் சிலர் இதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, பெட்ரோல் போட நிறுத்தினாலே யாராவது வந்து "எவ்வளவுக்குக் கொடுப்பீங்க?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

எந்தத் தொகையும் சொல்லாதீர்கள். "நன்றிங்க, விற்கிற எண்ணம் இல்லை" என்பது போதும். தட்டிக்கழிக்க நினைத்து "ஒரு லட்சம் டாலர் கொடுத்தா பார்க்கலாம்" என்றால், கேட்பவருக்கு அது பேரத்தின் ஆரம்பம். அடுத்த தடவை அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்.

இன்னொன்று. விலை கேட்பவர்களில் பெரும்பாலோர் வாங்க வந்தவர்கள் இல்லை. வண்டியைப் பற்றிப் பேச அவர்களுக்கு வேறு வழி தெரிவதில்லை, அதனால் விலையில் ஆரம்பிக்கிறார்கள். ஒருமுறை எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். வந்ததும் விலைதான் கேட்டார். இல்லை என்றேன். பிறகு "உங்ககிட்ட இருந்துச்சா?" என்று கேட்டதும் முகமே மாறிவிட்டது. கதவைத் திறந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவர் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. இடது கால் தானாகப் போய், தரையில் கிளட்ச் பக்கத்தில் இருக்கும் ஹெட்லைட் டிம்மர் பொத்தானை அழுத்தியது. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளில் டிம்மர் காலில்தான். பல வருடம் ஓட்டிய கால் அது. அரை மணி நேரம் பேசினோம், விலை என்ற சொல் மறுபடி வரவே இல்லை. அன்றிலிருந்து யார் விலை கேட்டாலும் இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன்.

வைப்பருக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. "45,000 டாலர், ரொக்கம்" என்று எழுதி ஃபோன் நம்பர். என் வண்டியும் 1970 செவெல் எஸ்எஸ்தான். இது நியாயமான விலையா?

ஆகஸ்ட்டில் டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் சாலையில் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடக்கும் வாரத்தில் இப்படிச் சீட்டுகள் எனக்கும் நிறைய வரும். எழுதியவர் பானட்டைத் திறந்து பார்த்திருக்க மாட்டார், அடியில் குனிந்திருக்க மாட்டார். அந்தத் தொகை அவர் பையில் இருக்கும் பணத்தைக் காட்டுகிறது. உங்கள் வண்டியின் மதிப்பு அதில் இல்லை.

உங்கள் வண்டி என்ன என்று முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 தனி வரிசை, வின் நம்பரே (வண்டியின் அடையாள எண்) 138 என்று தொடங்கும். 1969-ல் எஸ்எஸ் என்பது ஆப்ஷன் ஆகிவிட்டது. அதனால் 1970 வண்டியில் வின் நம்பரை வைத்து எஸ்எஸ்ஸா, சாதாரண வி-8 மாலிபுவா (எஸ்எஸ் இல்லாத செவெல்) என்று சொல்லவே முடியாது, இரண்டும் 136 என்றுதான் வரும். சாதாரண மாலிபுவுக்கு எஸ்எஸ் பேட்ஜ், பட்டை, பானட் எல்லாம் மாட்டி க்ளோன் செய்வது இதனால்தான் சுலபம். க்ளோன் மோசமான வண்டி இல்லை, ஓட்டும் சுகத்தில் குறையே தெரியாது. ஆனால் விலை வேறு.

அப்புறம் எஞ்சின். பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு சின்னச் சமதளம் இருக்கும். அதில் எஞ்சின் குறியீடும் வின் நம்பரின் பின்பகுதியும் குத்தியிருக்கும். அது வண்டியின் வின்னோடு பொருந்தினால் அதே எஞ்சின். ஆனால் எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்துகிறவர்களும் உண்டு. தொழிற்சாலையில் கடைந்த தளத்தில் மெல்லிய நேர்கோடுகள் வரிவரியாகத் தெரியும். கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி பில்ட் ஷீட், அதாவது தொழிற்சாலையில் இந்த வண்டிக்கு என்னென்ன மாட்ட வேண்டும் என்று அச்சடித்த தாள். வேலை முடிந்ததும் ஊழியர்கள் அதைப் பெரும்பாலும் பெட்ரோல் டேங்க் மேலேயோ இருக்கைக்கு அடியிலேயோ விட்டுவிடுவார்கள். வண்டியை வாங்கி மூன்றாவது வருடம், எரிபொருள் ஹோஸ் மாற்ற டேங்கை இறக்கினேன். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, பழைய ரப்பரை அது அரித்துவிடும். டேங்க் மேல் காய்ந்த வாழைச் சருகு மாதிரி ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூலையை எலி தின்றிருந்தது. பிய்த்தால் தூளாகிவிடும். ஈரத் துணியைப் போர்த்தி ஒரு ராத்திரி முழுக்க விட்டு, காலையில் அகலமான பெயின்ட் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி எடுத்தேன். 396 எஞ்சினும் 350 குதிரைத்திறனும் தெளிவாக இருந்தன. கை நடுங்கியது. (பெயர் 396 என்றாலும், 1970-ல் அதன் உண்மைக் கொள்ளளவு 402 கன அங்குலம். பெயருக்கு மதிப்பு இருந்ததால் மாற்றவில்லை.)

இதெல்லாம் கையில் வந்த பிறகு, ஹாகர்ட்டி மாதிரி விலைக் கையேடுகளில் 1 முதல் 4 வரை நிலை பிரித்திருப்பார்கள், அதைப் பாருங்கள். 1 என்பது போட்டியில் நிற்கிற வண்டி. நம் வண்டிகள் பெரும்பாலும் 3, மனசு 2 என்று சொல்லும். 3 என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

என்னுடையது பான்டியாக் ஜிடிஓ. இதே வழிதானா?

உங்களுக்குச் சுலபம். 1964, 65-ல் ஜிடிஓ என்பது பான்டியாக்கின் லெமான்ஸ் வண்டிக்கு ஒரு ஆப்ஷன் மட்டும். 1966 முதல் 1971 வரை தனி வரிசை, வின் 242 என்று தொடங்கும். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் பணம் கட்டினால் தொழிற்சாலைப் பதிவின் நகல் கிடைக்கும். 1967 முதல் வந்த ஃபோர்டு என்றால் இதே மாதிரி தொழிற்சாலைப் பதிவைத் தருவது மார்ட்டி ரிப்போர்ட். டாட்ஜ், பிளிமத்துக்கு ஃபெண்டர் டேக்கைப் பாருங்கள், அதாவது பானட்டுக்கு அடியில் குறியீடுகள் குத்திய சின்ன உலோகத் தகடு.

ஒருவர் வீட்டுக்கே வந்துவிடுகிறார் அக்கா. நான்கு தடவை ஆகிவிட்டது.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் நடந்தது. நான் ஆபீசில் இருந்தபோது ஒருவர் கதவைத் தட்டி, "விலை பேசி முடிச்சாச்சு, சாவி வாங்க வந்தேன்" என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறார். அத்தை கதவைத் திறக்காமலே எனக்கு ஃபோன் செய்தார்கள். அவரோடு நான் பேசியதே இல்லை. அன்றைக்கே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்: வண்டியைப் பற்றி யார் எது கேட்டாலும் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள், கராஜைத் திறக்காதீர்கள்.

உங்கள் ஆளிடம் ஒரே முறை, தெளிவாக, "விற்கவில்லை, இனி வீட்டுக்கு வராதீர்கள்" என்று சொல்லுங்கள். முடிந்தால் எழுத்தில் அனுப்புங்கள். அதற்குப் பிறகும் வந்தால் போலீஸைக் கூப்பிடுவதில் தப்பே இல்லை. வீட்டு எண் தெரிகிற மாதிரி வண்டிப் படம் போடாதீர்கள்.

ஒரு கண்காட்சியில் பேச்சுவாக்கில் "சரி, அந்த விலைக்குத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். இப்போது வாங்கியே தீருவேன் என்கிறார். நான் கட்டுப்பட்டவனா?

பதறாதீர்கள். அமெரிக்க மாநிலங்களில் பொதுவாக 500 டாலர், அதற்கு மேல் மதிப்புள்ள பொருளை விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். ஆனால் முன்பணம் வாங்கியிருந்தால் நிலைமை மாறும். மெசேஜில் விலையும் சம்மதமும் எழுதியிருந்தால் அதுவும் எழுத்தாகிவிடலாம். அப்படி ஏதாவது இருந்தால் வக்கீலைப் பாருங்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், நேரில் கூப்பிட்டு வருத்தம் தெரிவியுங்கள். அவர் ஆசைப்பட்டுவிட்டார்.

நானும் உங்களைப் போலப் பெண்தான், வண்டி என்னுடையது. கேட்பவர்கள் எல்லாம் என் கணவரிடமே பேசுகிறார்கள்.

எனக்கும் அப்படித்தான். என் கணவர் சாவியை என் பக்கம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அதன் பிறகும் அவரிடமே போய்ப் பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

நல்ல விலை வந்திருக்கிறது, விற்கத் தயார். பணத்தை எப்படி வாங்குவது?

ஏமாறுவது இங்கேதான். கேஷியர்ஸ் செக் (வங்கியே எழுதித் தரும் செக்) என்றால் பத்திரம் என்று நினைப்போம். போலிச் செக்காக இருந்தாலும் உங்கள் கணக்கில் அடுத்த நாளே பணம் ஏறிவிடலாம். சில வாரம் கழித்துப் போலி என்று தெரிந்ததும் வங்கி அதை உங்களிடமிருந்தே எடுத்துக்கொள்ளும், வண்டியோ போயிருக்கும். வாங்குபவரின் வங்கிக் கிளைக்கு நேரில் போங்கள். உங்கள் கண்முன்னே அங்கே செக் எழுதட்டும், அல்லது வயர் அனுப்பட்டும். உங்கள் வங்கி பணம் வந்துவிட்டது என்று உறுதி செய்த பிறகுதான் டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) கையெழுத்து. கூடுதலாகச் செக் அனுப்பி, மீதியை லாரிக்காரருக்குக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி, பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ரொக்கம் 10,000 டாலரைத் தாண்டினால் வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்பும். அதில் உங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. அதற்குப் பயந்து பணத்தைப் பிரித்துப் பிரித்துப் போட்டால் அதுதான் குற்றம்.

பழுதுபார்த்த ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லாபத்துக்கு வரி உண்டு, மறுசீரமைப்புச் செலவு அந்த லாபக் கணக்கில் கழியும்.

இத்தனை பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறீர்களே, வருத்தப்பட்டதுண்டா?

ஒருமுறை. வேலை போயிருந்த சமயம், நல்ல மனிதர் ஒருவர் நல்ல விலை சொன்னார். மூன்று நாள் தூங்கவில்லை. அப்போது இரண்டு கார்களை நினைத்துப் பார்த்தேன். 2014-ல் சியாட்டில் மீக்கம் ஏலத்தில் 1971 பிளிமத் ஹெமி குடா கன்வெர்டிபிள் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்தக் கணக்கு நம் வண்டிகளுக்குப் பொருந்தாது. மனதில் நின்றது மற்றொன்று. 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங்கை ஒரு குடும்பம் 1974-ல் 6,000 டாலருக்கு வாங்கியது. வீட்டுத் தேவைக்கு அதைத்தான் ஓட்டினார்கள். 1977-ல் மெக்வீனே திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதினார், அவர்கள் கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் அந்தக் குடும்பமே ஏலத்துக்குக் கொண்டுவந்தது, 34 லட்சம் டாலருக்குப் போனது. விலையைவிட, அவ்வளவு பெரிய ஆள் கேட்டும் தங்களுக்குத் தோன்றிய நேரத்தில்தான் விற்றார்கள் என்பது எனக்குத் தைரியம் கொடுத்தது. என் நெருக்கடி நாலு மாதத்தில் தீர்ந்தது. தீராமல் இருந்திருந்தால் விற்றிருப்பேன், அதிலும் தப்பில்லை.

அப்படியானால் யாருக்குத்தான் கொடுப்பீர்கள்?

க்ளவ் பாக்ஸில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கிறது. வண்டியைப் பற்றிச் சரியாகக் கேட்டவர்களின் பெயரும் நம்பரும் அதில் எழுதியிருக்கிறேன், என்ன விலை சொன்னார்கள் என்று எழுதவில்லை. 16 வருடத்தில் மூன்று பெயர்தான் சேர்ந்திருக்கிறது. முதல் பெயர் அந்த டிம்மர் பொத்தான் பெரியவருடையது. போன குளிர்காலத்தில் அவர் பேத்தி ஃபோன் செய்தாள், தாத்தா படுக்கையில் இருக்கிறார் என்று. நோட்டிலிருந்து அவர் நம்பரை நீக்கவில்லை. பக்கத்தில் பேத்தியின் பெயரைச் சேர்த்திருக்கிறேன். அவள் மேனுவல் கியர் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.