கூடைப்பந்துக்கு எதற்கு மேடை?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் கடைசி நான்கு அணிகள் மோதும் ‘ஃபைனல் ஃபோர்’ ஆட்டங்களை டிவியில் பார்த்தேன். கோர்ட் மேடை மாதிரி உயர்ந்து நிற்கிறது. கோச் மேலே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்க, மாற்று வீரர்கள் கீழே பள்ளத்தில் இருக்கிறார்கள். எதற்கு இந்த ஏற்பாடு? – வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த ஆட்டங்கள் நடப்பது கூடைப்பந்துக்காகக் கட்டிய அரங்கத்தில் இல்லை, கூரை போட்ட அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில். அந்தக் களம் 120 கெஜம் நீளம். கூடைப்பந்து கோர்ட் 94 அடிக்கு 50 அடிதான். நடுவில் கொண்டுபோய் வைத்தால் சுற்றிலும் வெற்றுத் தரைதான் மிஞ்சும். 1968 ஜனவரியில் ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட மைதானத்தில், கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை ஹூஸ்டன் பல்கலைக்கழக அணி 71–69 என்று வென்றபோது அதுதான் நடந்தது. 50,000 பேருக்கு மேல் கூட்டம், ஆனால் முதல் வரிசைக்காரருக்கே ஆட்டம் வெகு தூரத்தில். அதன் பிறகு வந்த பல ஃபைனல் ஃபோர்களில் கோர்ட்டை மைதானத்தின் ஒரு பக்கமாக ஒதுக்கி, மீதியைத் திரை போட்டு மறைத்தார்கள். 2009ல் டெட்ராய்ட்டின் ஃபோர்டு ஃபீல்டு மைதானத்தில் மறுபடி நடுவுக்கு வந்தார்கள். இந்த முறை சுற்றிலும் தற்காலிக கேலரி போட்டு, கோர்ட்டையும் தூக்கி வைத்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 72,922 பேர்.

தூக்கி வைப்பதால் என்ன லாபம்? கேலரிக்கு வரைபடம் போடுவது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குறுக்குவெட்டுப் படத்தில் நாங்கள் முதலில் இழுக்கும் கோடு, உட்கார்ந்திருப்பவரின் கண்ணிலிருந்து கோர்ட்டின் கிட்டத்துப் பக்கக்கோடு வரை போகும். அந்தக் கோடு முன்வரிசைக்காரரின் கண்மட்டத்துக்கு மேல் 9 சென்டிமீட்டராவது தள்ளிப் போக வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் அவர் தலை நிற்கும். பக்கக்கோட்டிலிருந்து 10 மீட்டரில் முதல் வரிசை, வரிசைக்கு வரிசை 80 சென்டிமீட்டர் ஆழம், தரையிலிருந்து கண் 120 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கோர்ட் அதே தரைமட்டத்தில் இருந்தால் இரண்டாவது வரிசையை முதல் வரிசையை விடச் சுமார் 19 சென்டிமீட்டர் உயர்த்தியாக வேண்டும். கோர்ட்டை இரண்டரை அடி உயர்த்திவிட்டால் 13 சென்டிமீட்டர் போதும். பின்னால் போகப் போக இந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே வரும். கேலரி தாழ்வாக, செலவு குறைவாக அமையும்.

அப்புறம் அந்தப் பள்ளம். கல்யாண மண்டபத்தில் போட்டோகிராபர் குறுக்கே நின்றால் மணவறை தெரியாதல்லவா, கோர்ட்டைச் சுற்றியும் அதே தொல்லைதான். மாற்று வீரர்கள், பத்திரிகைக்காரர்கள், கேமராக்காரர்கள் எல்லோரையும் கீழே இறக்கி உட்கார வைத்துவிட்டால் அவர்கள் உடம்பில் பாதிக்கு மேல் கோர்ட் மட்டத்துக்குக் கீழே போய்விடும். கோச் மட்டும் மேலே இருந்தாக வேண்டும், அதனால்தான் ஸ்டூல்.

ஆனால் உயர்த்துவதற்கும் எல்லை உண்டு. கீழ்த்தரையில் உட்கார்ந்தவரின் கண்மட்டமான 120 சென்டிமீட்டரைக் கோர்ட் தாண்டிவிட்டால் அவருக்குத் தளமே தெரியாது, உள்ளே தள்ளி ஆடுகிறவர்களின் ஷூவும் விளிம்புக்குப் பின்னால் மறைந்துவிடும்.

கேள்வி: ஓடுகிற வேகத்தில் வீரர்கள் விளிம்பைத் தாண்டி விழுந்துவிட மாட்டார்களா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: என்னை உறுத்துவதும் இதுதான். ஃபைனல் ஃபோருக்குப் போடும் மொத்தத் தளம் 140 அடிக்கு 70 அடி. கூடைக்குப் பின்னால் 23 அடி கிடைக்கிறது, அது தாராளம். பக்கவாட்டில் 10 அடிதான், அதாவது சுமார் 3 மீட்டர். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் பந்தைத் துரத்தி வருகிறவருக்கு அது அரை விநாடி. சர்வதேச விதி கோர்ட்டைச் சுற்றித் தடையில்லாமல் 2 மீட்டர் கேட்கிறது. சமதரையில் அதற்கு அப்பாலும் கால் வைக்கத் தரை இருக்கும். மேடையில் அங்கே இரண்டரை அடிப் பள்ளம். பணம் கொடுத்துப் பார்க்க வந்தவருக்காகச் செய்த வசதிக்கு ஆடுகிறவரின் கணுக்கால் விலையாகக் கூடாது. பக்கவாட்டிலும் இன்னும் 5 அடி விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இரண்டு வரிசை நாற்காலி போகும், போகட்டும்.

தளத்தின் அடியிலும் கவனம் வேண்டும். 4 அடிக்கு 7 அடி மேப்பிள் பலகைகளைப் பூட்டிச் சேர்த்துத்தான் கோர்ட் போடுகிறார்கள். குதித்து இறங்கும்போது வேண்டிய நெகிழ்வு பலகைக்குக் கீழே இருக்கும் மெத்தையிலிருந்து வர வேண்டும். தாங்கி நிற்கும் சட்டகம் துளியும் அசையக் கூடாது. அசைந்தால் ஓரிடத்தில் பந்து நன்றாக எழும்பும், பக்கத்திலேயே செத்து விழும்.

கேள்வி: நிரந்தரமாகவே இப்படிக் கட்டிய அரங்கங்கள் உண்டா? – வாசகர், ஈரோடு

பதில்: உண்டு. மினியாபொலிஸில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம்ஸ் அரீனா 1928ல் திறக்கப்பட்டது. கோர்ட் சுமார் 2 அடி உயரம், வீரர்களின் பெஞ்ச் கீழே. எனக்கு இதைவிடப் பிடித்தது நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஜிம்னாசியம். 1952ல் திறந்தது, இரண்டாம் உலகப் போரில் இறந்த அந்தப் பல்கலைக்கழகத்தாரின் நினைவாக. அங்கே கோர்ட் உண்மையிலேயே நாடக மேடைதான். கோட்டுக்கு வெளியே தளம் நன்றாக அகன்று கிடக்கிறது. அணிகளின் பெஞ்சுகள் பக்கவாட்டில் இல்லை, இரண்டு கூடைகளுக்கும் பின்னால். பக்கவாட்டில் இருக்கும் ரசிகருக்கும் ஆட்டத்துக்கும் நடுவே பெஞ்ச் என்று எதுவும் கிடையாது. மறுகோடியில் தன் அணி தடுத்து ஆடும்போது கோச்சின் குரல் போய்ச் சேருவது கஷ்டம். வெளியூர் அணிகள் அங்கே திணறுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். பார்வையாளருக்காக இவ்வளவு துணிந்து வரைந்த கட்டடத்தை நான் மதிக்கிறேன்.

கேள்வி: 2027 ஃபைனல் ஃபோர் டெட்ராய்ட்டில். மகன் அங்கே வேலை பார்க்கிறான், டிக்கெட் எடுக்கிறேன் என்கிறான். எந்த இடம் நல்லது? – வாசகர், மதுரை

பதில்: தரையோடு போட்ட முதல் சில வரிசைகள் வேண்டாம். அங்கே உங்கள் கண் தளத்துக்கு ஒன்றரை அடி மேலேதான் இருக்கும், பத்து வீரர்களும் ஒருவர் மேல் ஒருவராகத் தெரிவார்கள். உச்சிக் கேலரியும் வேண்டாம், மேடை எவ்வளவு உயர்ந்தாலும் அந்தத் தூரம் குறையாது. கீழ் கேலரியில், பக்கக்கோட்டுப் பக்கமாக, பத்துப் பதினைந்து வரிசை ஏறி உட்காரச் சொல்லுங்கள்.