ஓசூர் வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ. சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 23. பி.இ. முடித்துவிட்டு, ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 14 மாதங்களாக வேலை செய்கிறேன். பிடித்தம் போகக் கையில் 21,000 ரூபாய் வருகிறது. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் 8,000, வீட்டுக்கு 7,000, மீதி 6,000 சேமிப்பு. அப்பா தக்காளி பயிரிடுகிறார். சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் முழுநேர எம்.பி.ஏ. இடம் கிடைக்கிறது. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டணம் 3.6 லட்சம். கல்விக் கடன் வாங்கலாம், விடுதிச் செலவுக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. இப்போது விட்டால் பிறகு படிக்கவே முடியாதோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, பாலக்கோடு

பதில்: இந்த ஆண்டு அந்தக் கல்லூரியில் சேர வேண்டாம். படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டுப் படிப்பது உங்கள் வீட்டுக் கணக்குக்குத் தாங்காது.

உங்கள் கடிதத்தில் செலவு என்றால் 3.6 லட்சம் கட்டணம் மட்டும்தான். அந்த இரண்டு ஆண்டுகளில் வராமல் போகும் சம்பளம் 5,04,000 ரூபாய். கட்டணத்தைவிடப் பெரிய செலவு இதுதான். ரசீது இல்லாததால் யார் கண்ணிலும் படுவதில்லை. விடுதிச் செலவை நான் தனியாகச் சேர்க்கவில்லை. ஓசூரிலும் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

அடுத்து வட்டி. ஆண்டுக்கு 1.8 லட்சமாக வங்கி கொடுக்கிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் ஆண்டு 18,000, அடுத்த இரண்டு ஆண்டுகளும் தலா 36,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 4.5 லட்சமாக நிற்கும். அதை ஏழு ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 7,470 ரூபாய், மொத்தம் 6.27 லட்சம். இழந்த சம்பளத்தையும் சேர்த்தால் 11.3 லட்சம். வேலையிலேயே இருந்திருந்தால் அப்போது என்ன வாங்கியிருப்பீர்களோ, அதற்கு மேல் மாதம் 13,500 ரூபாய் ஏழு ஆண்டுகளுக்குக் கூடுதலாகக் கிடைத்தால்தான் போட்ட பணம் திரும்பும். அந்தக் கல்லூரி அதை வாங்கித் தருமா? விளம்பரத் தட்டியில் இருப்பது ஒரே ஒரு மாணவர் வாங்கிய சம்பளம். சென்ற ஆண்டு முடித்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் இருப்பவர் என்ன வாங்கினார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

வீட்டுக்குப் போகும் 7,000 ரூபாயை மறந்துவிடாதீர்கள். தக்காளி விலை சரிந்து, பறிக்கும் கூலிக்கே கட்டுபடியாகாமல் தோட்டத்திலேயே விடும் மாதங்களை உங்கள் வீடு பார்த்திருக்கும். அப்போது அடுப்பு எரிவது உங்கள் பணத்தில்தான்.

நகை அடகு அறவே வேண்டாம். வட்டியையும் முதலையும் கடைசியில் சேர்த்துக் கட்டும் நகைக்கடனை 12 மாதத்துக்குள் அடைத்தாக வேண்டும். உங்கள் படிப்போ இரண்டு ஆண்டு. நடுவில் அதைத் திருப்பப் பணம் எங்கிருந்து வரும்?

சேர்க்கைக்கு ஆள் பிடிப்பவர்கள் கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்று பேசியிருந்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது பழைய வரிமுறையில், வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்குத்தான் பயன்படும்.

என் யோசனை, வேலையில் இருந்தபடியே தொலைநிலையில் எம்.பி.ஏ. அண்ணா பல்கலைக்கழகம், இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டிலும் இந்தப் படிப்பு உண்டு. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. வேறு எங்கே சேர்ந்தாலும், அந்த ஆண்டுக்கான மானியக் குழுப் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வளாக நேர்காணல் இதில் கிடைக்காது. அது உண்மையான குறைதான். ஆனால் படிப்பு முடியும்போது உங்களிடம் மூன்று ஆண்டுக்கும் மேலான தொழிற்சாலை அனுபவம் இருக்கும். தரப்பிரிவில் ஆள் எடுப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். வருங்கால வைப்பு நிதியும் அறுபடாமல் வளரும்.

மனம் தொழில்நுட்பப் பக்கம் சாய்ந்தால், எம்.இ. சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதுங்கள். அதில் தகுதி பெற்று, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஒப்புதல் உள்ள இடத்தில் முழுநேர எம்.இ. சேர்ந்தால், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை 24 மாதம் வரை கிடைக்கும். அப்போது சம்பளம் வாங்க முடியாது என்றாலும், மேலே போட்ட கணக்கே மாறிவிடும். அந்த இடம் கிடைத்தால் வேலையை விட நானே சொல்வேன்.

தொலைநிலைப் படிப்பில் சேருமுன் ஒரு காரியம் இருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடித்து வெளியே வந்து, அன்று காலையிலேயே தேர்வு மையத்தில் உட்கார்ந்து என்ன எழுத முடியும்? தேர்வு நாட்களில் விடுப்போ பகல் ஷிஃப்டோ தருவார்களா என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம் எதுவும் உண்டா என்பதையும் படித்துப் பாருங்கள். பதில் வரத் தாமதமானால் அவசரப்பட வேண்டாம். தொலைநிலைச் சேர்க்கை ஜூலையில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை நடக்கிறது.