ஊர்க் கட்டுப்பாடு கடலில் செல்லுமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையை எங்கள் கடலில் போடக்கூடாது என்று எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து கூடி முடிவெடுத்தது. பக்கத்து ஊரார் அதை ஏற்கவில்லை. முறையிடச் சென்ற இடத்தில், ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மானம் சட்டப்படி செல்லாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் கடலின் மீது எங்களுக்கு என்னதான் அதிகாரம் இருக்கிறது?
- ஒரு வாசகர், நாகை மாவட்டம்

பதில்: உங்களிடம் சொன்னது பாதி உண்மைதான். நாட்டாரும் பஞ்சாயத்தாரும் கூடி நடத்தும் ஊர்ச் சபை வேறு, தேர்தலின் வழியே அமையும் கிராம ஊராட்சி வேறு. முன்னதைச் சட்டம் அறியாது. பின்னதற்கோ, 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு வந்த, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களைப் பட்டியலிடும் பதினோராம் அட்டவணையில் மீன்வளம் ஐந்தாவது இனமாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆனாலும் ஊராட்சியின் ஆளுகை கரையோடு நின்றுவிடுகிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது மாநில அரசு, அதற்கு அப்பால் ஒன்றிய அரசு.

மற்றப் பாதி உண்மை உங்கள் பக்கம் இருக்கிறது. சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாள்களில் மட்டும், நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது. கரையை ஒட்டிய உங்கள் கடலுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. எனவே உங்கள் மனுவில் ஊர்த் தீர்மானம் மீறப்பட்டது என்று எழுதாமல், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் வந்த தடை மீறப்பட்டது என்று எழுதுங்கள். நாள், இடம், கரையிலிருந்து தொலைவு, படகின் பதிவு எண் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். அதே பொருளைக் கிராம சபையிலும் முன்வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அந்தத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

இதைச் சொல்வதால் ஊர்க் கட்டுப்பாட்டை நான் குறைத்து மதிப்பிடுவதாக எண்ண வேண்டாம். பழவேற்காடு ஏரியின் பாடு முறையைப் பாருங்கள். முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகப் படும் இடங்களை யாரும் சொந்தம் கொண்டாட முடியாதபடி, கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் முறை வைத்து, சீட்டுப் போட்டு, இன்று இந்தப் பாடு இன்னாருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காததால் போட்டி தணிந்தது. ஏரியில் ஒரே நேரத்தில் இறங்கும் வலைகளின் எண்ணிக்கையும் கட்டுக்குள் இருந்தது. முறை தவறி வலை போட்டவரைக் கண்டுபிடிக்க ரோந்துப் படகு தேவைப்படவில்லை. அடுத்த முறைக்குக் காத்திருப்பவரின் கண்ணே போதுமானதாக இருந்தது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக்கூடாது என்ற 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விதி பல இடங்களில் மீறப்படுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த விதிக்கு இப்படிப்பட்ட காவலர்கள் வாய்க்கவில்லை.

ஆனால் பாடு உரிமை குறிப்பிட்ட தலைக்கட்டுகளுக்கு மட்டுமே உரியது என்பதையும் மறைக்கக்கூடாது. அதே ஏரியில் கையால் துழாவி இறால் பிடித்து வாழும் இருளர்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. ஊர்ச் சபைகளுக்குச் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடலையும் ஏரியையும் நம்பி வாழும் எல்லோரையும் உள்ளே அழைத்த பிறகே அதைக் கேட்க வேண்டும் என்பதும் அதே அளவு உறுதியான கருத்து.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் நாட்டுப்படகுகள் மட்டும் கடலுக்குச் செல்வது நியாயமா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: நியாயமே. கிழக்குக் கடற்கரையில் 2001இல் 45 நாள்களாகத் தொடங்கி, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்களாக நீட்டிக்கப்பட்ட இந்தத் தடை, அடிமண்ணைச் சுரண்டிக் குஞ்சுகளையும் சேர்த்து அள்ளும் இழுவலையிலிருந்து மீனுக்கு ஓய்வு தருவதற்கானது. தூண்டிலும் செவுள் வலையும் அவ்வாறு அழிப்பதில்லை. ஆனால் நாட்டுப்படகு என்ற பெயரில் அதிகத் திறன் கொண்ட எஞ்சினைப் பொருத்திக்கொண்டு தடை செய்யப்பட்ட வலையோடு செல்பவருக்கு இந்த நியாயம் பொருந்தாது.

கேள்வி: மீனை விற்பதும் கருவாடு போடுவதும் நாங்கள். ஊர்க் கூட்டத்தில் மட்டும் எங்களுக்கு இடமில்லை. இது மாறுமா?
- ஒரு வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: வரி கட்டும் ஆண்களையே உறுப்பினராகக் கொள்ளும் வழக்கத்தால் வந்த வினை இது, அம்மா. மாற்றத்துக்கான சான்று உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே மரிக்கொழுந்து, கட்டக்கோரை ஆகிய கடற்பாசிகளை எடுத்துவந்த பெண்கள், அத்துமீறி நுழைபவர்கள் ஆனார்கள். பாசி அழிந்தால் தாங்களும் இல்லை என்பதை அறிந்த அவர்கள் தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே பாசி எடுப்பது, பாறையையும் பவளத்தையும் சுரண்டும் இரும்புக் கருவிகளைக் கைவிடுவது எனக் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கையால் பறிக்கிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குப் பன்னாட்டு அளவில் வழங்கப்படும் சீகாலஜி விருது கிடைத்தது. அந்தப் பெண்களுக்கு எந்த ஊர்ச் சபையும் அதிகாரம் வழங்கவில்லை. உங்கள் ஊரில் மீன் விற்கும் பெண்களும் தனியாகக் கூடலாம். கிராம சபையில் உங்களுக்கு வாக்கும் குரலும் சட்டப்படி உண்டு. உலர்களத்தையும் ஏலக் கூடத்தையும் பற்றிய கோரிக்கையோடு அங்கிருந்து தொடங்குங்கள்.